சிவப்புக் குழாய்

ஜூலையில் சோஹாரில்
நீலக் குழாயைத் திறந்தால் கொதிக்கும்.
மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெந்திருக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டுச்
சிவப்பைத் திறந்தால்தான்
முகத்துக்கு ஆகும் தண்ணீர்.

பதினோராம் வாரம்.
கல்யாணத்துக்கு முன் மாத்திரை தின்று விரட்டிய பருக்கள்
விலாசம் மறக்காமல்
தாடையோரம் வந்திறங்கிவிட்டன.
அம்மாவின் வீடியோ காலில்
என் நெற்றி மட்டும் பேசுகிறது.

பெட்டியின் அடியில் அந்தப் பழைய அட்டை,
மீதம் நான்கு.
மூலையில் துவரம்பருப்பு அளவில்
வயிறு தள்ளிய ஒருத்தி.
அவள்மேல் குறுக்கே ஒரு கோடு.
அன்றும் இருந்திருப்பாள்.
நான்தான் பார்த்ததில்லை.

டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுபோனேன்.
டாக்டர் ரஹ்மா எண்ணிப் பார்த்தார்.
"கடைசியாக எப்போது?"
"இரண்டு வருடமாகிறது."
மூச்சு விட்டது
நானா அவரா தெரியவில்லை.
அட்டையை அவரே வைத்துக்கொண்டார்.
அசெலைக் ஆசிட் களிம்பு எழுதினார்,
பட்டாணி அளவு, இரண்டு வேளை.
வெதுவெதுப்பான நீர். தேய்க்காதே. கிள்ளாதே.
கூகுளில் கண்டதை வாங்கிப் பூசாதே,
என்னைக் கேள்.
பலன் தெரிய ஆறேழு வாரமாகும் என்றார்.

துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து
இன்னாசி வரும்போது
களிம்பு காயாமல் நிற்கிறேன்.
"எரியுதா?"
கொஞ்சம்.

ஆறேழு வாரம்.
விரல்விட்டு எண்ணினேன்.
கன்னம் தெளிவதற்குள்
உள்ளே ஒரு கால்
உதைத்துப் பார்த்திருக்கும்.

நீலக் குழாயை
அவர் மறந்துபோய்த் திறக்கிறார்.
"ஐயோ" என்கிறார்.