2.3-இன் பக்கம்

நரினிலிருந்து ஒரு படம் வந்தது:
ஆற்றோரத்து அளவைக் கொட்டகை,
கீறல் விழுந்த திரை,
அதில் ஒற்றை வரி.
பதிவுகள்: 0.

சுயுன்பெக் அதிகம் எழுதவில்லை.
“நீங்கள் சொன்னபடியே செய்தேன்.”

சொன்னது நான்.
தார்த்துவில், மூன்றாம் மாடியில்,
ஆறிப்போன காப்பிக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே
ஏப்ரலில் எழுதிய வாக்கியம்:
‘சுத்தம்’ என்னும் கட்டளை
தற்காலிகக் கோப்புகளை நீக்குகிறது.

நீக்குகிறது.
நிகழ்காலம்.
யாருடைய நிகழ்காலம் என்று
அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

நான்காம் பதிப்பில் அது உண்மை.
அவர் பெட்டியில் ஓடுவது இரண்டு புள்ளி மூன்று;
புதியதை ஏற்ற அதில் நினைவகம் போதாது.
அங்கே ‘சுத்தம்’ என்றால்
துடைத்த சிலேட்டு.
பதினொரு குளிர்காலத்து நீர்மட்டம்,
பனிக்கட்டி உடைந்த தேதிகள்,
ஒரு மே மாதம் பாலத்தைத் தொட்ட வெள்ளம்,
எல்லாம்.

எங்கள் ஆவணத்துக்கு ஒரே முகவரிதான் இருந்தது.
‘அண்மையது’ என்று பெயர்.
யாருக்கு அண்மை?

அன்றிரவு பழைய மாற்றங்களைத் தோண்டினேன்.
ஆறு வருட ஆழத்தில் கிடைத்தது
2.3-இன் பக்கம்.
அதில், தடித்த எழுத்தில்:
இது அனைத்தையும் அழிக்கும். முதலில் நகல் எடுக்கவும்.
அந்த வரியை அகற்றியது யார் என்று பார்த்தேன்.
என் பெயர்.
கூடவே என் குறிப்பு:
“இனித் தேவையில்லை :)”

அந்தச் சிரிப்புக்குறியை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தார்மோ கேட்டான்,
செத்த பதிப்புக்கெல்லாம் யார் விளக்கேற்றுவது?
செத்ததா?
நரினில் அது இன்று காலை ஆறு மணிக்கும்
ஆற்றிடம் ஆழம் கேட்டதே.

சண்டை இரண்டு வாரம் நடந்தது.
இப்போது நிரல் கிளை பிரியும் இடத்தில்
பக்கமும் பிரிகிறது.
இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே எண்.
முகவரியிலேயே அந்த எண் நிற்கிறது, கதவிலக்கம் போல.
பழைய பக்கங்களின் நெற்றியில் ஒரு பட்டை:
இது பழையது; உங்களுடையதும் பழையதென்றால்
இங்கேயே இருங்கள்.
(பட்டையின் மஞ்சள் தார்மோவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.)

எங்கள் மொழியில்
எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் கிடையாது.
நாளை செய்யப்போவதையும்
இன்றைய வினையாலேயே சொல்லிவிடுவோம்.
அது மொழியின் சிக்கனம்.
என்னுடையது சோம்பல்.

2.3-இன் பக்கத்தைச் சுயுன்பெக்குக்கு அனுப்பினேன்.
மன்னிப்பை மூன்று முறை எழுதி
இரண்டை அழித்தேன்.

பதில் நவம்பரில் வந்தது.
மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
“நகல் எடுத்துவிட்டுத் தொடங்கினேன்.
கரையோரம் உறையத் தொடங்கிவிட்டது.
நீர்மட்டம் 41 செ.மீ.
பதிவுகள்: 1.”