பரி வீடு

வெள்ளிக்கிழமைக்குள் பரிக்கு ஒரு வீடு வேண்டுமாம்.
கட்கே டீச்சர் சொல்லிவிட்டார்.

பரி என்றால் குதிரைதானே,
லாயத்துக்கு எதற்கு ஜன்னல் என்றார்
பட்டறையிலிருந்து வந்து
மோரியில் கால் கழுவிக்கொண்டிருந்த தவசிக்கனி.
ஹெப்சி தலையில் அடித்துக்கொண்டாள்.
றெக்கை இருக்கும்ப்பா. ஒரு விரல் உயரம்.
இந்தியில் அவளுக்கு அதுதான் பேர்.

ஒரு விரல் உயரத்துக்கு வீடு.
இந்த மும்பையில் முதல்முறையாக
நமக்குக் கட்டுப்படியாகிற அளவில்
ஒருத்தி வீடு கேட்டு வந்திருக்கிறாள்.

செருப்புப் பெட்டி சுவராயிற்று.
பை வெட்டி மிஞ்சிய தோலை
நனைத்து வளைத்தால் கூரை.
அதன்மேல் பிஸ்தா ஓடுகள்,
நான் சமைக்கப் போகும் மாட்டுங்கா வீட்டில்
தீபாவளி டப்பா காலியான ராத்திரி
ஒன்றுவிடாமல் பொறுக்கி வந்தவை.
பிஸ்தாவுக்கும் ஓடு, வீட்டுக்கும் ஓடு.
தமிழ் எனக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது.
தரைக்குக் குல்ஃபிக் குச்சிகள்,
தொண்ணூறடி ரோட்டில் கிடைத்தவை.
(ரோட்டுக்காவது பேரில் இருக்கிறது தொண்ணூறு அடி.)
பல் போன ஜிப்பை நிமிர்த்தி நட்டாள்.
அது ஏணி.
மாடிக்கு ஏற வேண்டுமே என்றாள்.
பரி பறப்பாளே என்றேன்.
குடம் தூக்கிக்கிட்டா?

பசை காயும்வரை கையை எடுக்கக் கூடாது.
இரண்டு சுவர்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டியாலும்
சேர்த்துப் பிடித்து நூறு எண்ண வேண்டும்.
நாற்பதில் குக்கர் கூப்பிட்டது.
எழுபத்தொன்றில் கீழே சத்தம், தண்ணீர் வந்துவிட்டது.
விடவில்லை.
ரெஹானா பாபி எங்கள் குடத்தைக் காலால் நகர்த்தி
குழாய்க்கடியில் வைக்கிற சத்தமும் கேட்டது.
எண்பத்தாறு. எண்பத்தேழு.
இவ்வளவு நேரம் நான் எதையும்
சும்மா பிடித்துக்கொண்டு இருந்ததில்லை.

குளிக்க?
பனித்துளி போதுமாம்.
கக்கூஸ்?
நான் யோசிப்பதற்குள்
பேனா மூடி ஒன்றைக் குறுக்கே வெட்டி
உள்ளே ஒட்டினாள், வீட்டுக்குள்ளேயே,
தாழ்ப்பாளுக்கு ஒரு குண்டூசி.
ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு
வரிசையில் நிற்கப் பரிக்குப் பயமாம்.

அந்தச் சுவருக்கு மட்டும்
இரண்டு தடவை பசை தடவினேன்.

கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது
வீட்டை வைக்க வீட்டில் இடமில்லை.
ஃப்ரிட்ஜ் மேல் மிக்ஸி, மிக்ஸிக்குப் பின்னால் இயேசு.
ஜன்னல் விளிம்பில் சோப்பு, மாத்திரை, அவளுடைய புத்தகங்கள்.
கடைசியில் அவர் கால் நீட்டும் மூலை.
குதிரைங்க நின்னுக்கிட்டே தூங்குமாம், தெரியுமா
என்று சொல்லியபடி
முழங்காலை மடக்கிப் படுத்தார்.
விடியும்வரை நீட்டவில்லை.

காலையில் பார்க்கிறேன்,
பரியின் கதவில் சிவப்பு ஸ்கெட்ச்.
வட்டம், வட்டத்துக்குள் எண், பக்கத்தில் ஒரு கோடு.
போன மாதம் டேப்போடு வந்தவர்கள்
சந்து முழுக்க எழுதிப்போன அதே கையெழுத்து.
எங்கள் ஏணிக்கடியில் நின்று கீழ்க்கதவில் எழுதினார்கள்.
மாடிக் கோலி கணக்கில் வராதாம்.
மேலே ஒருவரும் ஏறவில்லை.
நான் டீ போட்டு வைத்திருந்தேன்.

ஹெப்சி மாடிக்கும் எழுதியிருந்தாள்.
கீழே ஒரு எண், மேலே வேறு எண்.
போடலன்னா வீடு கிடைக்காதும்மா.

நான் முதலில் இறங்கினேன், சுவரைப் பார்த்தபடி.
மேலிருந்து குனிந்து
வீட்டை என் கைகளில் இறக்கினாள்.
பிடிச்சியா?
பிடிச்சிட்டேன்.
பிடிச்சியாம்மா?

காயாத சிவப்பு கட்டைவிரலில் ஏறிவிட்டது.
மாட்டுங்காவில் சப்பாத்திக்குப் பிசையும்போதும்
போகவில்லை.

சாயங்காலம் பத்துக்கு ஏழு என்று வந்து நின்றாள்.
வீடு ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.
கதவில் கிறுக்கியதற்கு
மூன்று குறைத்தாராம்.