பொருள் என்னும் கட்டம்

செவ்வாய்தோறும் எபே வருகிறார்
மார்கரின் டப்பாவோடு.
உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல்
அந்த வாரத்து வயல்.

பெயர் சொல்வது என் வேலை.
இது சட்டைப் பொத்தான், எபே.
இது சேணத்துக் கொக்கி, நூறு வயதுகூட ஆகியிருக்காது.
இது மின்னுகிறது, ஆனால் அலுமினியம்;
பக்கத்து வயல் லாரிட்சின் டிராக்டரைக் கேளுங்கள்.

அவர் முகம் சுளிப்பதில்லை.
குப்பைதான் என்றாலும்
என்ன குப்பை என்று தெரிந்தால் போதும்.

மார்ச்சில் ஒருநாள்
டப்பாவைத் திறக்காமல் மேசையில் வைத்தார்.
"கருவி மந்தமாகத்தான் கத்தியது,
தொண்டை கட்டிய வாத்துபோல.
தோட்டா என்று விட்டுவிடப் பார்த்தேன்."

சுண்டுவிரல் நகத்தளவு ஈயம்.
வெளுத்த சாம்பல். ஐந்து மடிப்பு.

வலைக்குண்டு? துளை இல்லை.
எடைக்கல்? எந்த எடையோடும் ஒத்துப்போகவில்லை.
துணிமூட்டை முத்திரையா என்றால்
அதற்கு முகம் வெளியே இருக்கும்.
இது முகத்தை உள்ளே வைத்திருந்தது.

லென்ஸின் அடியில், விளிம்போரம், ஒரு கீறல்.
கலப்பை கீறியதல்ல.
கலப்பைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பிரித்தால் பிஸ்கட்டாய் நொறுங்கும்.
ஆல்போர் மருத்துவமனையில்
இரவுப் பணியிலிருந்த மெரெட் ஒத்துக்கொண்டாள்.
மனிதர்கள் படுக்கும் அதே கட்டில்,
அதே ஸ்கேன் வளையம்,
நடுவில் நகத்தளவு நோயாளி.
"மூச்சை இழுத்துப் பிடி" என்று
பழக்கத்தில் அதனிடமும் சொன்னாள்.

திரையில் மடிப்பு மடிப்பாக விரிந்தது.
முதலில் ஒரு சிலுவை.
பிறகு வரிகள், ஒழுங்கான ஆறு வரிகள்.
எனக்குக் கை நடுங்கியது.

ரூனும் லத்தீனும் படித்த க்யெல்
ஒரு மாதம் வைத்திருந்து எழுதினார்:
"இவை எழுத்துகள் அல்ல."

யாரோ எழுத்தைப் பார்த்திருக்கிறார்,
தேவாலயச் சுவரிலோ பாதிரியின் மடியிலோ.
அதன் சாய்வு தெரியும். இடைவெளி தெரியும்.
ஓரம் வந்தால் கீழே இறங்க வேண்டும் என்று தெரியும்.
எழுதத்தான் தெரியாது.
மூன்றாம் வரியில் கத்திமுனை வழுக்கியிருக்கிறது;
வழுக்கலையும் ஓர் எழுத்தாக்கிவிட்டு
மேலே போயிருக்கிறது கை.
வாசிக்கத் தெரியாத ஒரு கழுத்துக்காக.
அப்புறம் ஐந்தாக மடித்து, பல்லால் கடித்து
(கடித்த தடம் இருக்கிறது)
யாரும் பார்க்காதபடி.

படிவத்தை எடுத்தேன்.
முதல் கட்டம்: பொருள்.
எந்தப் பொருளில் கேட்கிறார்கள்?
தாயத்து, ஈயம், மடித்தது என்று எழுதினேன்.
வாசகம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி
அடித்தேன்.
இன்னும் அடித்தபடியேதான் இருக்கிறது.

எபேயிடம் சொன்னபோது
தொப்பியை வெகுநேரம் திருகினார்.
"பலித்ததா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"வயலில்தானே கிடந்தது, கல்லறையில் இல்லையே.
நூல் அறுந்து விழுந்திருக்கும்.
நடந்துகொண்டிருந்திருப்பார்கள், இல்லையா?
கையில் வேலையோடு."

ஆதாரம் இல்லை.
நான் மறுக்கவும் இல்லை.

அடுத்த டப்பாவின் மூடியை நெம்பினார்:
இரண்டு பொத்தான்,
ஒரு சங்கிலிக் கண்ணி,
சோடா மூடி.