முதுகுகளின் பட்டியல்

ஆண்டு முழுக்க நான் பார்ப்பது வாய்கள்.
மரியேஹாம் துறைமுகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில்
பல் மருத்துவம்.
ஜூலையில் ஆறு நாள் மட்டும் முதுகுகள்.

கடைசி சைக்கிள் என்னுடையது.
மஞ்சள் மேலங்கி, பம்பு, பஞ்சர் பசை,
எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது
என்ற ஒற்றை விதி.

கருங்கல் இந்தத் தீவில் சிவப்பு.
அதை நொறுக்கிப் போட்ட சாலையும் சிவப்பு.
அதன் மேல் நாற்பத்து மூன்று பேர்
என்கிறது காகிதம்.
இழுவண்டியில் மகாராஜாவாக வரும் நாய்
அதில் இல்லை.
ரூனாவின் வயிற்றில் அக்டோபருக்குக் காத்திருப்பதும் இல்லை.

யார் யார் வருகிறார்கள் என்று கேட்டால்
முகம் சொல்லத் தெரியாது எனக்கு.
இடது தோளைச் சற்றே தூக்கி மிதிப்பவர் தோர்ஸ்டன்,
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்,
இல்லாத கண்ணாடியில் இன்னும் பின்னால் பார்க்கிறார்.
துர்க்குவிலிருந்து வந்த வரி அலுவலரின் முதுகில்
வியர்வை எப்போதும் ஒரே வடிவத்தில்,
கவிழ்த்துவைத்த பேரிக்காய் மாதிரி.
காதில் எதையோ மாட்டிக்கொண்டு
குடும்பத்துக்கு நூறு மீட்டர் தள்ளியே வரும் பதினான்கு வயது,
இவர்களை எனக்குத் தெரியவே தெரியாது
என்கிறது அதன் முதுகு.
பளபளக்கும் இறுக்க உடையில்
முதல் நாள் எல்லோரையும் முந்திய அண்ணன் தம்பி இருவர்,
மூன்றாம் நாள் படகில்
அலைக்கு வாந்தி எடுத்தபிறகு
மனிதர்களோடு சேர்ந்து ஓட்டினார்கள்.

அப்புறம் ஓலவி, ஹென்ரிக்கா.
ஜனவரியில் பணம் கட்டினார்கள்.
மார்ச்சில் பிரிந்தார்கள்.
கட்டிய பணம் திரும்பாது.
ஆகவே இரண்டு கூடாரம், ஒரு மகள்.
வெண்ட்லாவுக்கு ஆறு வயது, கணக்கு நன்றாக வரும்.
ஒரு ராத்திரி அங்கே, ஒரு ராத்திரி இங்கே,
இரவுகள் மொத்தம் ஐந்து.
மிச்சமாகும் ஒன்றுக்கு என்ன செய்வாய் என்றேன்.
"நாயோட தூங்குவேன்."

நான்காம் நாள் எதிர்க்காற்று.
சாய்ந்து பெய்தது மழை.
ஆளுயர நாணல் இரண்டு பக்கமும் படுத்து எழுந்தது.
வெண்ட்லா இறங்கி நின்றாள்.
நானும் இறங்கினேன்.
கால் வலியா என்றேன். இல்லை.
பசியா. இல்லை.
"நீங்க முன்னாடி போங்க.
நான்தான் கடைசி."

ஒன்பது வருடமாக யாரும் கேட்டதில்லை இதை.
விதியைச் சொன்னேன். அவள் காத்திருந்தாள்,
மழையும் அவளோடு சேர்ந்துகொண்டு.

மஞ்சள் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.
முழங்காலுக்குக் கீழே இறங்கியது.
துணி மாட்டும் கிளிப்பால் இழுத்துச் செருகினேன்.
மணியை அடித்துக்கொண்டே வா, கேட்கட்டும் என்றேன்.

இரண்டு கிலோமீட்டர்.
என் பின்னால் என்ன நடக்கிறதென்று
முதன்முறையாகத் தெரியவில்லை.
ணிங். கொஞ்சம் இடைவெளி. ணிங்.
இடைவெளி நீண்டபோதெல்லாம்
என் வயிறு இறங்கியது.
என் முதுகு எப்படித் தெரிகிறது, கோணலா,
கிழிந்திருக்கிறதா என்று யோசித்தேன்.
ணிங்.

தபால்பெட்டிகள் வரிசையாக நிற்கும் வளைவில்
இரண்டு பேர் நின்றிருந்தார்கள்,
சாலையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்,
ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு.
என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது இருவருக்கும்.
நான் கடைசி ஆயிற்றே.
நான் வந்துவிட்டால்
அதற்குப் பின்னால் ஒன்றும் வராதே.

ணிங்.

அப்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததை
நான் பெரிதுபடுத்த மாட்டேன்.
ஹென்ரிக்கா மூக்கைச் சிந்தினாள்.
ஓலவி சங்கிலிக்கு எண்ணெய் போடுவதுபோல் குனிந்தார்,
கொட்டும் மழையில்.

மாலை பள்ளிக்கூட மைதானத்தில் தலைகளை எண்ணினேன்.
நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன்.
ஈரக் காலுறைகள் கால்பந்து கோல்கம்பத்தில் தொங்கின,
பட்டாணி சூப் தீய்ந்தது.
மேலங்கியைத் திருப்பித் தர வந்தவள்
முன்பல் ஆடுகிறது, பாருங்கள் என்று வாயைத் திறந்தாள்.

ஜூலையில் நான் வாய் பார்ப்பதில்லை என்றேன்.
பார்த்தேன்.
இன்னும் இரண்டு நாள் தாங்கும்.