நிலைபொருள்

தொழிற்சாலையில் நாளைக்கு எண்ணூறு பலகைகளுக்கு
உயிர் ஊற்றுகிறவள் நான்.
பாயான் லெப்பாஸ், இரண்டாம் தளம், ஏழாவது வரிசை.
பலகையை அச்சில் வைத்து மூடியை அழுத்தினால்
பதினொரு வினாடி. பச்சை.
சிவப்பு எரிந்தால் சிவப்புக் கூடை.
கூடையில் விழுந்ததை நினைத்து
ஒருநாளும் எனக்குச் சோறு இறங்காமல் போனதில்லை.

வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று.
லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
இஸ்திரிப் பெட்டிக்கும் ஒற்றைக்கால் பொம்மைக்கும் நடுவில் கிடந்ததை
முப்பத்தைந்து வெள்ளிக்குப் பேசி
கக்கத்தில் இடுக்கி வந்தார் இளவழுதி.
ரிமோட்டுக்கு முதுகு மூடி இல்லை,
பேட்டரியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஒரே வியாதி.
உதடு மூடிய பிறகுதான் பேச்சு வரும்.
சீரியலில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு போன பின்
வெறுங்கதவு சொல்லும், "நான் போறேன்."
செய்தி வாசிப்பவர் கையை இறக்கியதும் வணக்கம்.
"பேய் வீடாட்டம் இருக்கு. உன் வேலைதானே இது, பாரேன்."

நிலைபொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் தமிழில்.
நிலையாக நின்றால்
எதற்கு வருஷத்துக்கு இரண்டு தரம் மாற்றுகிறார்கள்?

சனிக்கிழமை. பென்டிரைவில் ஒற்றைக் கோப்பு.
பெட்டியின் முதுகில் செருகினேன்.
மின்சாரத்தைத் துண்டிக்காதே என்றது
மலாயில் ஒருமுறை, சீனத்தில் ஒருமுறை.
கடலுக்கு அப்பால் கெடா பக்கம் கறுத்தது.
கீழே ஆ கெங் கிரில் பற்றவைக்க ஆரம்பித்தார்.
அவர் பற்றவைத்தால் எங்கள் பிளாக்குக்கே
இரண்டு நாளைக்கு ஒருமுறை கண் இருளும்.
நான்கு மாடி ஓடினேன், செருப்பு மாறி.
"அங்கிள், லீமா மினிட்!"
முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.
யாருக்கோ பிரசவம் என்று நினைத்திருப்பார்.

மேலே வந்தால் எழுபத்தொன்று.
எழுபத்தொரு விழுக்காடு.
தொட்டில் பக்கம் நிற்பவள் போல நின்றேன்.
எழுபத்தொன்று.
இந்நேரம் அங்கே இருபது பலகையைக் கூடையில் போட்டிருப்பேன்.
எழுபத்தொன்று.

பிறகு தானாக அணைந்து, தானாக எரிந்து,
யார் நீ என்பது போல
என்ன மொழி வேண்டும் என்று கேட்டது.
பதினாறு மொழி. நம்முடையது இல்லை.
மலாயைத் தொட்டேன்.
வானத்தில் இருந்து ஒவ்வொரு சேனலாகப் பொறுக்க ஆரம்பித்தது.
பெய்யத் தொடங்கிய மழையில் அதற்கும் கை நழுவியது.

ராத்திரி ஏழு பத்து இருக்கும்.
இளவழுதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.
"இன்னிக்கு வரலியே."
எது?

ஆறு ஐம்பதுக்குத் தினமும்
மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்.
மாக் உபாத்.
அம்மாவுக்கு மருந்து.
முன்னே வைத்திருந்த யாரோ போட்ட நினைவூட்டல்.
மூன்று பொத்தான் அமுக்கினால் அழிந்திருக்கும்.
எட்டு மாதமாக நாங்கள் அழிக்கவில்லை.
பெட்டி சந்தைக்கு வந்த காரணத்தையும் பேசிக்கொண்டதில்லை.

"அதப் பாத்துதான் நான் சுகர் மாத்திரை போடுறேன்" என்றார்,
திருட்டைச் சொல்பவர் போல.
சட்டைப் பையில் பாதி தீர்ந்த அட்டை.
இத்தனை நாள் நான் கேட்டதும் இல்லை,
அவர் சொன்னதும் இல்லை.

ரப்பர் பேண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஆறை ஒரு தரம், இரண்டை ஒரு தரம், ஐந்தை இரண்டு தரம்.
"என் பேரைப் போடேன்."
வேண்டாம்.
எட்டை இரண்டு தரம், இரண்டை இரண்டு தரம்,
இரண்டை மறுபடி ஒரு தரம், எட்டை ஒரு தரம்.
தினமும். ஆறு ஐம்பது.
சேமித்தேன்.

கீழே ஆ கெங் திரும்பப் பற்றவைத்தார்,
விளக்கு ஒருமுறை நடுங்கி நின்றது.
வியாதி முழுதாகப் போகவில்லை.
முன்பு அரை நொடி, இப்போது கால்.
செய்தி வாசிப்பவர் வாயை மூடிவிட்டார்.
நாங்கள் காத்திருந்தோம்,
அவர் சொன்னது வந்து சேர.