நாற்பத்தொரு நிமிடம்

கப்பலின் வயிற்றில் ஒரு குருவி இருக்கிறது.
இரவும் பகலும் கத்துகிறது.
இரவு என்பது இங்கே, இந்த மாதத்தில்,
யன்னலில் நான் ஒட்டிய கறுப்புக் காகிதம் மட்டும்.
முதல் மூன்று நாள் தூக்கமில்லை.
நாலாம் நாளிலிருந்து
குருவி நின்றால்தான் விழிப்பு.

அதன் கத்தல் எழுநூறு மீற்றர் கீழே போய்
சேற்றைத் தொட்டுத் திரும்புகிறது.
ஒரு நொடி முடியுமுன் திரையில்
விசிறியாய் நானூறு புள்ளி:
மேடு சிவப்பு, பள்ளம் நீலம்.
பழைய வரைபடத்தில் இந்த இடத்தில்
ஒரேயொரு எண் இருந்தது, பாகக் கணக்கில்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அந்தக் கேள்விக்குறியிடம் சம்பளம் வாங்குகிறவள் நான்.

தண்ணீரின் உப்பையும் குளிரையும் பிசகாகக் கணித்தால்
தட்டைத் தரை திரையில் வளைந்துவிடும்.
ஓரங்கள் மேலே சுருண்டால் சிரிக்கிறது என்போம்,
கீழே தொங்கினால் முகம் கோணுகிறது.
பனியாறு உருகிக் கலக்கிற வாய்களில்
மணிக்கொருதரம் கருவியை இறக்கி, உப்பு அளந்து,
தரையின் முகத்தை நேராக்குகிறேன்.
இதுவும் ஒரு உத்தியோகம் என்று
பத்தொன்பது வயதில் யாராவது சொல்லியிருந்தால்
நானும் சிரித்திருப்பேன், ஓரங்கள் மேலே சுருள.

நேற்று, ஆழம் குறைந்த மேட்டில்,
பனிமலைகள் உழுத சால்கள்.
அடிவயிறு இழுபட இழுபட
எந்தக் காலத்திலோ போனவை.
ஒரு சால் நேராக வந்து
சட்டென்று முடிந்திருந்தது.
அங்கே மிதந்திருக்கும். அல்லது உடைந்திருக்கும்.
கயெத்தான் அதற்கு ஒரு எண் கொடுத்தார்.
தேநீர் குடித்தோம்.

கரையில் தெரிவது பொண்ட் இன்லெட்.
அங்குள்ளவர்களுக்கு மித்திமத்தலிக்,
மித்திமா புதைந்த இடம்.
மித்திமா யார் என்று ஊலிபிக்காவிடம் கேட்டேன்.
தெரியாது என்றாள்.
தெரியாததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் வேலை தளத்தில் நின்று கடலைப் பார்ப்பது.
இருபத்தாறு வயது, இடுப்பில் றேடியோ,
வாயில் எந்நேரமும் சூயிங்கம்.
அவள் நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும்;
ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கம்.

வியாழன், அதிகாலை நாலு இருபது.
"தூகாலிக். நிறைய."
சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.
விசையை அழுத்தினேன். குருவி நின்றது.
கீழ்த்தட்டில் தூங்கியவர்கள் எல்லோரும்
எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலே ஓடினேன். எண்ணெய் போல அசையாத தண்ணீர்.
முதலில் மூச்சுகள் மட்டும்,
ஈரமாக, ஒன்றன்பின் ஒன்றாக.
பிறகு புள்ளி விழுந்த முதுகுகள்.
ஒரு கொம்பு எழுந்து
எதையோ சுட்டிவிட்டுத் தாழ்ந்தது.
தாயின் விலாவை ஒட்டிச் சாம்பல் நிறக் குட்டிகள்.
நார்வால்களும் கத்தித்தான் ஆழம் பார்க்கின்றன.
எங்கள் குருவியின் இரைச்சலுக்குள்
அவற்றுக்கு என்ன கேட்டிருக்கும்?

ஊலிபிக்கா உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றுப்பன்னிரண்டில் நிறுத்தி,
"தம்பி இன்றைக்குப் படகு இறக்குவான்" என்றாள்.
எண்ணிய அதே குரலில்.

ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குக்
குருவி மறுபடி தொடங்கியது.
எல்லோரும் தூங்கப் போனார்கள்.

வரைபடத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பட்டை,
கப்பல் காது பொத்தி நகர்ந்த தூரம்.
திரும்பி வந்து அளக்க நேரமில்லை,
கிழக்கிலிருந்து பனி வருகிறது.
"இரண்டு கரையையும் பிடித்து நடுவை நிரப்பிவிடு," என்றார் கயெத்தான்,
"மென்பொருளுக்கு ஒரு விநாடி. ஒருவருக்கும் தெரியாது."
நியாயம்தான். நடுவில் மலையா முளைத்திருக்கும்?
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
இங்கே காலை விடவும் ஆளில்லை.

நிரப்பவில்லை.
படிவம் காரணம் கேட்டது. மூன்று தெரிவு:
கருவிக் கோளாறு, வானிலை, மற்றவை.
மற்றவை என்றால் விளக்க, கீழே ஒரு கோடு.
"வழி விட்டோம்" என்று எழுதினேன்.

கயெத்தான் இரண்டு தரம் வாசித்தார்.
நேரத்தில் ஒரு இலக்கத்தைத் திருத்தினார்.
கையொப்பம் வைத்தார்.