ஐந்தாவது மணி

லெர்விக் மீன்சந்தை அலுவலக மாடியில்
பீட்சா டப்பா போலத் தட்டையாய்
ஒரு பழைய யூனிக்ஸ் பெட்டி.
அதன் முதுகில் ஒரு கேபிள்,
கேபிள் முனையில் மோடம்,
மோடத்திலிருந்து சுவருக்குத் தொலைபேசிக் கம்பி.
மூன்றையும் பேச வைத்தால் போதும் என்றார்கள்.
ஃபூலா தீவிலிருந்து இங்கா
இரவோடிரவாய் அலை உயரங்களை அனுப்பிவிடுவாள்.

போதும் என்பது எவ்வளவு பெரிய சொல்
என்று பத்து மணிக்கு மேல்தான் தெரிந்தது.

வருகிறவர்க்கு ஒரு பெயர்,
போகிறவர்க்கு இன்னொரு பெயர்,
வாசல் என்னவோ ஒன்றுதான்.
கோப்பில் ஒரே ஒரு வரி.
ஆஃப் என்றிருந்ததை ஆன் என்று திருத்தி
எண் ஒன்று என்கிற மூத்த செயலுக்குச்
சேதி சொல்ல வேண்டும்.
அதற்கான கட்டளை: கொல்.
கொல் என்றால் இங்கே
மறுபடி படித்துப் பார் என்று பொருள்.
படித்தது.

பெட்டி கேட்டது: லாகின்?
கேட்டதையே திருப்பிச் சொல்லும் மோடம்
லாகின்? என்றது.
அப்படியொருவர் வந்திருப்பதாக நம்பிக்
கடவுச்சொல் கேட்டது பெட்டி.
கடவுச்சொல், என்றது மோடம்.
தவறு.
தவறு.
லாகின்?
லாகின்?
ஆளே வராத வாசலில்
இரண்டு பேர் மூச்சு விடாமல்.
தேநீர் ஆறுவதற்குள் நாலாயிரம் வரி.
மணமாகி எட்டு வருடம் ஆனவனுக்கு
இதில் சிரிக்க அதிகமில்லை.

அதன் பிறகு மோடத்துக்கு
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தேன்:
எதிரொலிக்காதே.
பதில் பேசாதே.
மறுமுனையில் ஆள் இருந்தால் மட்டும்
விளக்கைக் காட்டு.
போய்விட்டால் கதவைச் சாத்து.
முதல் மணியிலேயே எடு.
இதையெல்லாம் மின்சாரம் போனாலும் மறக்காதே.
சரி என்றுகூட அது சொல்லவில்லை.
சொல்லாதே என்றவன் நான்தானே.

இரண்டு மணிக்கு இங்கா வந்தாள்.
கீச்சு, கரகரப்பு, பிறகு அமைதி,
திரையில் அவள் பெயர்.
ஒன்று புள்ளி எட்டு மீட்டர். ஒன்று புள்ளி ஆறு.
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

ஐந்து நாற்பதுக்கு மறுபடி மணி.
மோடம் எடுத்து ஊளையிட்டது.
அதன் சின்ன ஒலிபெருக்கியில்
ஒரு மனிதக் குரல்:
ஹலோ? யாரங்கே? ஹலோ?
ஊளை.
வைத்தார். மறுபடி அழைத்தார்.
மறுபடி ஊளை.
மூன்றாம் முறை நான் முந்திக்கொண்டேன்.

தலை மட்டும் வெளியே வந்திருக்கிறது,
தெரிகிறதா உங்களுக்கு, என்றார் எடுத்தவுடன்.
பின்னால் காற்று, ஒரு ஆட்டின் முனகல்.
தொலைபேசிக்காரர்கள் எங்களுக்குத் தந்தது
கால்நடை மருத்துவரின் பழைய எண்.
எங்கள் வழக்கப்படி
அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
புது எண்ணைத் தேடிப் படித்துக் காட்டினேன்.
எழுதப் பென்சில் இல்லை, கை ஈரம்,
இன்னொரு தரம் சொல்லுங்கள், என்றார்.
சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார்,
ஒவ்வொரு இலக்கமாய், சத்தமாக.
அந்த எதிரொலி எனக்குப் பிடித்திருந்தது.

வைத்த பிறகு மோடத்தைத் திறந்து
ஒன்று என்றிருந்த இடத்தில் ஐந்து என்று எழுதினேன்.

ஏன் இத்தனை மணி அடிக்கிறது என்று
மறுநாள் தீவிலிருந்து இங்கா கேட்டாள்.
குட்டி போடும் காலம், என்றேன்.
ஓ, என்றாள்,
அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.